ஒரு கடிதமும் தொலையக் கூடாது

வேறொரு கம்ப்யூட்டரில் வந்து கிடக்கும் இ-மெயிலை வீட்டுக்கு எடுத்துவரும் சின்ன யூனிக்ஸ் புரோகிராம் அது. உபயோகிப்பவர்களே கூட்டாளிகளாக மாறி அதை வெள்ளோட்டம் பார்த்த விதம் சாஃப்ட்வேர் உலகத்துக்கே பாடமானது. அந்தப் பாடத்தில் ஒரு பாதியைத்தான் பலரும் படித்தார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள சிறிய ஊர் வெஸ்ட் செஸ்டர். செஸ்டர் கவுண்டி இன்டர்லிங்க் என்ற இலவச இன்டர்நெட் சேவை அங்கே இயங்கிவந்தது. 1993-லிருந்து அதன் தொழில்நுட்பப் பொறுப்பைக் கவனித்துக்கொண்டவர் எரிக் ரேமண்ட் என்ற புரோகிராமர். அவருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் அந்தச் சேவையின் கம்ப்யூட்டரில் வந்து விழுந்தன. அவர் வேலை செய்ததோ வீட்டிலிருந்த வேறொரு கம்ப்யூட்டரில். கடிதம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் தூரத்து கம்ப்யூட்டரில் லாக்-இன் செய்ய வேண்டியிருந்தது. தபால் வந்ததா என்று கேட்க நாள் முழுவதும் தபால் ஆபீஸுக்கு நடையாய் நடப்பது போலத்தான்.

ரேமண்டுக்கு அலுத்துப்போனது. கடிதம் தன்னைத் தேடி வீட்டுக்கே வர வேண்டும், வந்ததும் தகவல் தெரிய வேண்டும் என்று விரும்பினார். ஆனால் இ-மெயிலை கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் கொண்டுசேர்க்கும் எஸ்.எம்.டி.பி. என்ற முறைக்கு, பெறும் கம்ப்யூட்டர் எப்போதும் இன்டர்நெட்டில் இருந்தாக வேண்டும். நிலையான முகவரியும் வேண்டும். வீட்டு கம்ப்யூட்டருக்கு இரண்டுமே கிடையாது. தபால்காரர் வரும்போது வீடு பூட்டியிருக்கும். எனவே வீட்டிலிருந்து ஒருவர் போய்த்தான் கடிதத்தை எடுத்துவர வேண்டும்.

அப்படி எடுத்துவருவதற்கென்று 1980களிலேயே ஒரு முறை வகுக்கப்பட்டிருந்தது. பாப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வாடிக்கையாளரின் புரோகிராம் போய் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லும். எத்தனை கடிதம் இருக்கிறது என்று கேட்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும். வாங்கியதை அழித்துவிடச் சொல்லும். பிறகு விடைபெறும். இவ்வளவுதான் உரையாடல். கேட்பதற்கு எளிமையானது. வில்லங்கம் முழுவதும் அந்த 'அழித்துவிடு' என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

அழிக்கச் சொல்லிவிட்டபின் வீட்டுப் பக்கம் கடிதம் பத்திரமாகச் சேரவில்லை என்றால்? டிஸ்கில் இடம் இல்லாமல் போகலாம். பாதியில் லைன் அறுந்துபோகலாம். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றாகிவிடும். அது வேலைக்கான உத்தரவாக இருக்கலாம், துக்கச் செய்தியாகவும் இருக்கலாம். எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். பெறவேண்டியவருக்கோ அப்படி ஒன்று வந்ததே தெரியாது. ஒரு கணக்குப் புரோகிராம் தப்பாகக் கூட்டினால் திரும்பக் கூட்டிப் பார்க்கலாம். தொலைந்த கடிதம் தொலைந்ததுதான்.

அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து

ரேமண்ட் முதலில் எழுத உட்காரவில்லை. தேடினார். ஃபெட்ச்பாப் என்ற புரோகிராம் கிடைத்தது. அதில் ஒரு குறை இருந்தது. இன்டர்லிங்கில் இருக்கும் 'ஜோ' என்பவர் அதே கம்ப்யூட்டரில் இருக்கும் இன்னொருவருக்கு எழுதினால், அனுப்பியவர் முகவரியில் வெறும் 'ஜோ' என்றே இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பதில் போட்டால், வீட்டு கம்ப்யூட்டர் தன்னிடமே ஜோ என்று ஒருவர் இருப்பதாக எண்ணித் தேடும். ஒரே ஊரில் உறவுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். வெளியூரிலிருந்து எழுதும்போது முழு முகவரி வேண்டாமா? கடிதத்தை எடுத்துவரும் புரோகிராமே முகவரியைப் பூர்த்தி செய்ய வேண்டும். அந்த வசதியை ரேமண்ட் எழுதிச் சேர்த்தார்.

பிறகு பாப்கிளையன்ட் என்ற இன்னொன்று கண்ணில் பட்டது. அதை எழுதியவர் கார்ல் ஹாரிஸ். வசதிகள் குறைவு, ஆனால் அடித்தளம் பலமாக இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட தபால் முறைகளையும் அது அறிந்திருந்தது. ரேமண்ட் அதுவரை எழுதியதை ஒதுக்கிவிட்டு அதற்கு மாறினார். ஹாரிஸுக்கு அதில் முன்பிருந்த ஆர்வம் போய்விட்டிருந்தது. பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். 1996-ல் நடந்த அந்தக் கைமாற்றலில் ரேமண்டுக்குக் கிடைத்தது புரோகிராம் மட்டுமல்ல. அதை தினமும் உபயோகித்துவந்த ஒரு கூட்டமும் கூடவே வந்தது.

ரேமண்டின் மனதில் அப்போது வேறொரு கேள்வியும் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கினார். முகம் தெரியாத ஆட்கள் பல நாடுகளிலிருந்து அதில் கைவைத்தார்கள். அதற்குள் முட்டி மோதிச் சிதறியிருக்க வேண்டிய வேலை, நாளுக்கு நாள் உறுதியானது. ஏற்கெனவே தாமதமாகிவிட்ட சாஃப்ட்வேர் வேலையில் ஆட்களை மேலும் சேர்த்தால் தாமதம்தான் கூடும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதியிருந்தார். அனுபவமும் அதைத்தான் சொன்னது. அப்படியானால் லினக்ஸ் எப்படிப் பிழைத்தது? லினஸின் தனித்திறமையா, அல்லது யாரும் கையாளக்கூடிய முறையா? சோதித்துப் பார்க்க ரேமண்டிடம் இப்போது ஒரு புரோகிராம் இருந்தது.

நீக்கியதால் கிடைத்த லாபம்

சோதனையின் பெரிய திருப்பம் ஒரு வாசகர் கடிதம் போல வந்தது. ஹாரி ஹாக்ஹெய்சர் என்பவர் அரைகுறையாக எழுதிப் பார்த்த சில வரிகளை அனுப்பியிருந்தார். அதுவரை பாப்கிளையன்ட், கொண்டுவந்த கடிதத்தைத் தானே கோப்பில் எழுதிவைத்தது. ஹாக்ஹெய்சர் சொன்ன யோசனை வேறு. ஒவ்வொரு யூனிக்ஸ் கம்ப்யூட்டரிலும் கடிதங்களை வாங்கி உரிய இடத்தில் சேர்க்க ஒரு புரோகிராம் ஏற்கெனவே காத்திருக்கிறதே, எடுத்துவந்ததை அதனிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன?

அதன் அருமை ரேமண்டுக்கு உடனே புரிந்தது. உள்ளூர் தபால் ஆபீஸ் இருக்கும்போது, எடுத்துவந்தவர் வீடு வீடாக ஏன் அலைய வேண்டும்? கோப்பில் எழுதுவதற்காகவும் அதைப் பூட்டித் திறப்பதற்காகவும் இருந்த வரிகளையெல்லாம் வெட்டி எறிந்தார். புரோகிராம் இளைத்தது, வேகம் கூடியது, உபயோகிக்கும் விதத்தை விளக்கும் பக்கங்களும் குறைந்தன.

எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் வேறு. உள்ளூர் தபால் ஆபீஸ் 'பெற்றுக்கொண்டேன்' என்று சொன்ன பிறகுதான் தூரத்து கம்ப்யூட்டரிடம் 'அழித்துவிடு' என்று சொல்ல வேண்டும். டிஸ்கில் இடம் இல்லையென்றால் உள்ளூர் தபால் ஆபீஸ் ஒப்புக்கொள்ளாது. ஒப்புதல் வராதவரை அசல் அங்கேயே இருக்கும். பாப் முறையிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. அழிக்கச் சொன்ன கடிதங்கள் முறைப்படி விடைபெற்ற பின்புதான் உண்மையில் அழியும். நடுவே லைன் அறுந்தால் எதுவும் அழியாது. அதிகபட்சம் ஒரே கடிதம் இரண்டு முறை வரும். இரண்டு முறை வந்தால் எரிச்சல். வராமலே போனால் நஷ்டம். எரிச்சலைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

பாப் முறையைத் தாண்டிப்போய்விட்ட புரோகிராமுக்கு இப்போது பழைய பெயர் பொருந்தவில்லை. ஃபெட்ச்மெயில் என்று பெயர் மாற்றினார் ரேமண்ட். அதற்கு ஜன்னலும் இல்லை, படமும் இல்லை. கருப்புத் திரையில் அந்த ஒரு சொல்லைத் தட்டி என்டர் அழுத்தினால் போய் எடுத்துவரும். 300 என்ற எண்ணையும் சேர்த்துச் சொன்னால் 300 வினாடிக்கு ஒரு முறை, யார் கண்ணுக்கும் படாமல் பின்னணியில் தன் வேலையைச் செய்யும்.

முந்நூறு கூட்டாளிகள்

கம்பெனிகளில் வெள்ளோட்டம் என்றால், எல்லாம் முடிந்தபின் கடைசியில் சிலரிடம் கொடுத்துக் குறை கேட்பது. ஃபெட்ச்மெயிலுக்கு முடிந்தபின் என்ற ஒன்றே இல்லை. பத்து நாளுக்கு ஒரு முறையாவது புதிய பதிப்பு வெளிவந்தது. வேலை மும்முரமான நாட்களில் தினம் ஒன்றுகூட வந்தது. புரோகிராமைப் பற்றி யார் எழுதினாலும் அவர் பெயரை வெள்ளோட்டப் பட்டியலில் சேர்த்தார் ரேமண்ட். என்ன மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்று அரட்டை அடிப்பது போன்ற நடையில் எல்லோருக்கும் எழுதினார். எந்த வழியில் போகலாம் என்று கருத்துக் கேட்டார். திருத்தம் அனுப்பியவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பட்டியல் ஏறக்குறைய 300 பேரைத் தொட்டது.

இவர்கள் வெறுமனே 'வேலை செய்யவில்லை' என்று எழுதுபவர்கள் அல்ல. புரோகிராமின் மூலவரிகள் அவர்கள் கையிலும் இருந்தன. எந்த வரியில் சறுக்குகிறது என்று அவர்களே தோண்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கு மண்டையை உடைக்கும் புதிர், இன்னொருவருக்குப் பார்த்ததும் விளங்கிவிடும். ஒவ்வொருவரும் கடிதம் வாங்கும் இடம் வேறு, அங்கே இருக்கும் புரோகிராம் வேறு, அதன் கோணல்களும் வேறு. அத்தனை வகையையும் ஒரே ஆள் தன் மேஜையில் வைத்துச் சோதிப்பது நடக்காத காரியம். அவர்கள் பணயம் வைத்ததும் சொந்தக் கடிதங்களைத்தான். பயந்தவர்களுக்கு, எடுத்துவந்த பின்னும் அசலை அழிக்காமல் விட்டுவைக்கும் வசதி இருந்தது.

சில பாடங்களை ரேமண்ட் தயங்கித்தான் கற்றார். ஒரு தடவைக்கு இத்தனை கடிதத்துக்கு மேல் எடுக்காதே என்று வரம்பு வைக்கும் வசதி வேண்டும் என ஐரோப்பியர் சிலர் விடாமல் கேட்டார்கள். அவர்கள் ஊரில் டெலிபோன் கட்டணம் அதிகம். ரேமண்ட் நெடுநாள் அதற்கு இணங்கவில்லை. பிறகு சேர்த்தார். இந்தியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபின், மோடம் கீச்சிடும் ஒவ்வொரு முறையும் டெலிபோன் பில்லை நினைத்துக்கொண்டவர்கள் நாம்.

இன்னொன்று தமிழருக்கும் நெருக்கமான விஷயம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும். அதனால் எட்டாவது பிட்டை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளும் தந்திரம் அந்நாளைய புரோகிராமர்களிடம் சகஜம். எடுத்துச்செல்பவன் சரக்கில் கைவைக்கக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, ரேமண்ட் அந்த பிட்டைத் தொடாமல் விட்டிருந்தார். பின்னால் பிற மொழி எழுத்துகளுக்கான 8 பிட் கடிதங்களை ஏற்கும் வசதி கேட்கப்பட்டபோது சில வரிகளிலேயே வேலை முடிந்தது. 1990களின் கடைசியில் புழங்கிய டிஸ்கி, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் அறிவிக்கப்பட்ட டாப் போன்ற தமிழ்க் குறியீடுகளில், தமிழ் எழுத்துகள் அந்த எட்டாவது பிட்டை நம்பித்தான் இருந்தன. வழியில் யாராவது அதை உருவிவிட்டால் அம்மாவுக்கு எழுதிய கடிதம் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகப் போய்ச் சேரும்.

கேட்டதையெல்லாம் ரேமண்ட் கொடுத்துவிடவும் இல்லை. ஃபெட்ச்மெயில் தானாகப் போய்வர வேண்டுமானால் பாஸ்வேர்டை ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அதை யாருக்கும் புரியாதபடி மாற்றி எழுதிவையுங்கள் என்று பலர் கேட்டார்கள். அவர் மறுத்தார். அந்தக் கோப்பைப் படிக்க முடிந்தவர், அதைத் திரும்பப் புரியவைக்கும் வழியையும் ஃபெட்ச்மெயிலின் வரிகளிலிருந்தே எடுத்துவிடலாம். பூட்டு மாதிரி தெரியும் பொம்மைப் பூட்டு, பூட்டே இல்லாததைவிட ஆபத்து. அதற்குப் பதிலாக, அந்தக் கோப்பை மற்றவர்கள் படிக்கும்படி விட்டிருந்தால் ஃபெட்ச்மெயில் இயங்கவே மறுக்கும்.

சந்தையின் புகழ்

1997 மே மாதம் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் இந்த அனுபவத்தை ரேமண்ட் கட்டுரையாக வாசித்தார். அதன் தலைப்பு 'தி கதீட்ரல் அண்ட் தி பஜார்'. சில சிற்பிகள் மதில் சுவருக்குள் அமைதியாகக் கட்டும் தேவாலயம் ஒரு வகை. எல்லோரும் வந்துபோகும் இரைச்சலான சந்தை இன்னொரு வகை. பார்க்கும் கண்கள் போதுமான அளவு இருந்தால் எந்தப் பிழையும் ஆழத்தில் ஒளிந்திருக்க முடியாது என்று லினஸின் பெயரால் ஒரு விதியையும் அதில் வகுத்தார். 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் கம்பெனி தன் பிரவுசரின் மூலவரிகளை வெளியிடப் போவதாக அறிவித்தபோது, அந்த முடிவுக்குப் பின்னால் இந்தக் கட்டுரையும் இருந்தது. அந்த வரிகளிலிருந்துதான் பின்னாளில் ஃபயர்ஃபாக்ஸ் வந்தது. ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரே 1998 பிப்ரவரியில்தான் பிறந்தது.

கண்கள் போதும் என்ற பாதியை உலகம் சுலபமாகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கண்கள் உண்மையிலேயே பார்க்க வேண்டும் என்ற மறுபாதி கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனது.

இதற்குச் சாட்சி ஃபெட்ச்மெயிலே. 2004-ல் ரேமண்ட் விலகி, மத்தியாஸ் ஆண்ட்ரே உள்ளிட்ட குழு பொறுப்பேற்றது. 2005-ல் இரண்டு ஓட்டைகள் வெளிவந்தன. விஷமம் செய்ய நினைக்கும் பாப் கம்ப்யூட்டர், கடிதத்தின் அடையாளக் குறியை அளவுக்கு மீறி நீளமாக அனுப்பி ஃபெட்ச்மெயிலைத் தடுமாறவைக்க முடியும் என்பது ஒன்று. மற்றது இன்னும் சங்கடமானது. பாஸ்வேர்டு கோப்பைத் தயாரித்துத் தரும் துணைப் புரோகிராம், அந்தக் கோப்பை மற்றவர்கள் படிக்கக்கூடிய நிலையில் உருவாக்கிவந்தது. எந்தக் கோப்பைப் பற்றி அவ்வளவு கறாராக இருந்தார்களோ அதே கோப்பு. உலகின் மிகவும் புகழ்பெற்ற வெள்ளோட்டத்தைக் கண்ட புரோகிராமின் கதை இது.

பெரிய உதாரணம் 2014 ஏப்ரலில் வந்தது. வங்கி முதல் இ-மெயில் வரை ரகசியம் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் புரோகிராமில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை இரண்டு வருடங்களாக இருந்தது தெரியவந்தது. மூலவரிகள் யாரும் படிக்கும்படி திறந்தே கிடந்தன. உபயோகித்தவர்கள் கணக்கில் அடங்காதவர்கள். உட்கார்ந்து படித்தவர்களோ வெகு சிலர்.

2024 மார்ச்சில் வெளிப்பட்டது அதைவிடக் கொடியது. எக்ஸ்இசட் என்ற புரோகிராமைத் தனி ஒருவர் வருடக்கணக்கில் பராமரித்துக் களைத்திருந்தார். உதவுவதுபோல் வந்த ஒருவர் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டு, உள்ளே ஒரு கள்ளக் கதவைப் பொருத்திவிட்டார். ஹாரிஸ் ரேமண்டிடம் ஒப்படைத்தாரே, அதே மாதிரியான கைமாற்றல்தான். ஆனால் வந்த ஆளின் நோக்கம் வேறு. அது பிடிபட்டது எப்படி? லாக்-இன் செய்ய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற இன்ஜினீயருக்கு உறுத்தியது. விடாமல் தோண்டினார். ஆயிரம் கண் இருந்தும், உறுத்தியது ஒரு கண்ணுக்குத்தான்.

அப்படியானால் வெஸ்ட் செஸ்டரில் நடந்த சோதனை தோல்வியா? இல்லை. அங்கே 300 பேர் இருந்தார்கள் என்பதைவிட, அவர்களை யாரோ ஒருவர் பார்க்கவைத்தார் என்பதே முக்கியம். எழுதியவர்களின் கருத்துக்கு மதிப்பு இருந்தது. சொன்ன குறை சரியாவது கண்முன் தெரிந்தது. அதனால் அடுத்த குறையையும் தேடிச் சொன்னார்கள். சந்தை என்றால் தானாக நடக்கும் என்று நினைப்பவர்கள் விடியற்காலையில் வந்து கடை வரிசையைப் பெருக்கி, தராசைச் சரிபார்ப்பவரைப் பார்த்ததில்லை.

இன்று பெரும்பாலோர் இ-மெயிலை பிரவுசரிலோ செல்போனிலோ பார்த்துக்கொள்கிறார்கள். எடுத்துவர ஒரு புரோகிராம் வேண்டும் என்பதே இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனாலும் தங்கள் கடிதம் தங்கள் டிஸ்கில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஃபெட்ச்மெயிலை விட்டுவிடவில்லை. 2020களிலும் அதற்குப் புதிய பதிப்புகள் வந்திருக்கின்றன.

1997 மே மாதக் கடைசியில் ரேமண்ட் தன் வெள்ளோட்டப் பட்டியலைப் பார்த்தபோது எண்ணிக்கை குறையத் தொடங்கியிருந்தது. பெயரை எடுத்துவிடும்படி சிலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. புரோகிராம் ஒழுங்காக வேலை செய்கிறது, இனிமேல் அதைப் பற்றிய கடிதங்களைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே காரணம். தபால்காரரைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால், தபால் ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம். அந்த நிம்மதி வந்தபின்னும் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் பிந்தைய வருடங்கள் சொல்லும் சேதி.